பாசி மறுபடியும் வந்துவிட்டது

சீதமலைத் தோட்டம்,
பூண்டுலோயா.
10 பெப்ரவரி 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சண்முகவடிவு எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் நலம். பனிக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. திருகோணமலை வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? ஹார்பர் ஸ்டோர் வேலை எப்படிப் போகிறது?

இங்கே ஒரு விசேஷம். நம் பள்ளிக்கூடத்துக்குக் கடல் வந்திருக்கிறது. சிரிக்காதீர்கள். பெரிய துரை சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். பங்களாவில் அவர் ஆசையாக வைத்திருந்த கண்ணாடித் தொட்டியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே இருப்பது உண்மையான கடல் தண்ணீர், முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் துண்டுகள், மீன்கள். தண்ணீரை வாளிகளில் மொண்டு, மீன்களைத் தனியாகப் பானையில் விட்டு, தொட்டியைக் கம்பு கட்டித் தூக்கி வந்தார்கள். காற்றுக் குமிழி விடும் சின்ன மெசினுக்கும், தண்ணீர் குளிர்ந்து போகாமல் இருக்க ஒரு பல்புக்கும் ஃபாக்டரியிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள்.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு, ஊதா நிறத்தில் ஒன்று, பூப்போல விரியும் கடல் சாமந்தி ஒன்று. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடையை இறக்காமலே ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள். தலைமையாசிரியர் அழகுமுத்து மாஸ்டர் கழித்தல் கணக்கைக்கூட மீனை வைத்துத்தான் நடத்துகிறார்.

ஆனால் ஒரு தொல்லை. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. கல்லெல்லாம் பச்சை மயிர் முளைத்த மாதிரி இருக்கிறது. துடைத்தால் இரண்டொரு நாளில் மறுபடியும் வந்துவிடுகிறது. புதுத் துரை வந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்க பாக்கிறது நல்லது. ஆனா நாத்தம் வந்தா எடுத்து ஆத்தில ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அன்று முழுவதும் மூக்கைத் தொட்டியில் வைத்து மோந்துகொண்டே இருந்தார்கள்.

நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். இந்தப் பாசிக்கு என்ன வழி என்று யாரையாவது கேட்டு எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சண்முகவடிவு

*

திருகோணமலை.
3 மார்ச் 1963

அன்புள்ள வடிவுக்கு,

அண்ணன் முத்துலிங்கம் ஆசியுடன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், குடித்துவிடாமல் பார்த்துக்கொள்.

மலைக்குக் கடல் வந்த கதையை ஸ்டோரில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நீ ஆளைத் தேடச் சொன்னாய். தேடவே வேண்டாம், ஆள் என் அறையிலேயே இருக்கிறான். என் சிநேகிதன் சின்னராசா, கினிகத்தேனைக்காரன். இங்கே வெளிநாட்டுக்கு அழகு மீன் அனுப்பும் ஒரு கொட்டகையில் வேலை. மலையில் பிறந்தவன், பாறைக்கடியில் முங்கி மீன் பிடிக்கிறான். பெட்டி கட்டி ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவதும் அவன்தான். உன் கடிதத்தைக் காட்டினேன். பரீட்சைத் தாளைப் படிப்பது போலப் படித்தான்.

"வாத்தியாரம்மாகிட்ட மூணு விசயம் கேளு" என்றான். "தொட்டியில வெயில் படுதா? மீனுக்குத் தீனி யாரு போடுறாங்க, எவ்வளவு போடுறாங்க? தண்ணிய எப்ப மாத்துனாங்க? வெளிச்சமும் மிஞ்சின தீனியும் இருந்தா பாசிக்குக் கல்யாணச் சாப்பாடு."

வெயில் படும் பக்கத்தைத் தாளால் மூடு. மீன் ஒரு தடவையில் தின்று முடிப்பதற்கு மேல் எதுவும் போடாதே. தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாதாம். அதனால் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பைப் போட்டுவிடாதே.

இன்னொரு விசயம். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் உர ஸ்டோருக்குப் பொறுப்பாக இருக்கும் ஆண்டியப்பன் என்ற பையனைப் பற்றிச் சொன்னார்கள். குடிப்பழக்கம் இல்லை, மரியாதையான குடும்பம். உனக்குப் பார்க்கலாமா? அம்மாவுக்கு விருப்பம்தான். உன் மனதை எழுது.

அண்ணன்,
முத்துலிங்கம்

*

சீதமலை.
24 மார்ச் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தைலம் கிடைத்தது. அம்மா தேய்த்துவிட்டு, வலியை விட வாசனை மோசம் என்கிறார். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னார்.

உங்கள் சிநேகிதர் கேட்ட கேள்வியிலேயே குற்றவாளி அகப்பட்டான். தீனி போடுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதலாம் வகுப்பு மீனாட்சி தன் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறாள். அவள் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது! "டீச்சர், அதுக்கும் பசிக்கும்ல?" என்று கேட்கிறாள். ரொட்டிக்குத் தடை போட்டாகிவிட்டது. ஜன்னல் பக்கம் பழைய தேசப்படத்தை ஒட்டியிருக்கிறேன். ஆப்பிரிக்கா வெயிலை மறைக்கிறது.

கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் கல்லில் இருக்கிற பச்சை மயிர் போகவில்லை. ஊதா மீன் செத்துப்போய்விட்டது. தேயிலைச் செடியடியில் புதைத்துப் பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். கடல் சாமந்தியும் சுருங்கிக் கிடக்கிறது. இங்கே புதுக் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? உங்கள் சிநேகிதரிடம் கேட்டு எழுதுங்கள். மீன்கள் பிழைத்தால் அவருக்குப் புண்ணியம்.

வேறு விசேஷம் இல்லை.

சண்முகவடிவு

*

திருகோணமலை.
14 ஏப்ரல் 1963

அன்புள்ள வடிவுக்கு,

வருஷப் பிறப்பு வாழ்த்து. இருவரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

ஊதா மீன் செத்ததைக் கேட்டுச் சின்னராசா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டான். அடுத்த வாரம் கொழும்புக்குப் பெட்டி போகிறது. அதை இறக்கிவிட்டு, மேல்நாட்டு ரயில் ஏறித் தலவாக்கலையில் இறங்கி உங்களிடம் வருவான். அவனுடைய அம்மா கினிகத்தேனையில் இருப்பதால் லீவும் கிடைக்கும். கூடை பின்னிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் கடல் தண்ணீர் கொண்டுவருகிறான். பாசியை மேய்கிற நத்தைகளும், ஆடு மாதிரி பாசியையே தின்னும் மீன் ஒன்றும் கூட வருகின்றன. சாப்பாடு போட்டு அனுப்புங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிற ஜாதி அவன்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தேசப்படத்தில் ஆப்பிரிக்கா இருக்கிறது, ஆண்டியப்பனைக் காணோம்.

அண்ணன்,
முத்துலிங்கம்

*

சீதமலை.
5 மே 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா இப்போது மலைத் தண்ணீர் பிடிக்கிற பீலிவரை தானே நடந்துபோய் வருகிறார். உங்களுக்கு இருமல் என்று கேள்விப்பட்டோம். சுக்குக் காப்பி குடியுங்கள்.

சின்னராசா அவர்கள் வந்தார்கள். பூண்டுலோயாவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மலை ஏறினார். பள்ளி வாசலில் பனியில் வழுக்கி விழுந்தார். ஆனால் ஜாடியை விடவில்லை; குழந்தையைப் பிடிப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரும் எழுந்திருக்காமலே சிரித்தார்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கற்களை எடுத்துக் கடல் தண்ணீர் வாளிக்குள்ளேயே பிரஷ்ஷால் தேய்த்தார். "கொழாத் தண்ணியில கழுவக்கூடாது டீச்சர். இந்தக் கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு. அதுங்கதான் தொட்டிய சுத்தம் பண்ணுற ஆளுங்க. அதுங்க செத்தா நம்ம பாடு திண்டாட்டம்" என்றார். பிறகு தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி நத்தைகளை விட்டார். மேய்கிற மீன் விட்டவுடனே வேலையைத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் அதற்குக் 'கங்காணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல்முதலாகக் கடலைப் பார்த்த அன்று ரயில்வே ஸ்டேசனுக்கே திரும்பி ஓடியதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். "அவ்வளவு தண்ணிக்கு ஒரு சுவர்கூட இல்லையேன்னு பயந்துட்டேன்" என்றார். அழகுமுத்து மாஸ்டரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். பட்டினி கிடக்கவில்லை.

பாசி வேரோடு போக நாளாகும், இடையிடையே வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

சண்முகவடிவு

*

திருகோணமலை.
9 ஜூன் 1963

அன்புள்ள வடிவுக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

உன் கடிதத்தில் இரண்டு பக்கம் மீன், ஒரு வரி அம்மா. கல்யாணத்துக்கு இடமே இல்லை. பேசாமல் இருப்பது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டுக்கு எழுதிவிட்டேன். ஆனி முடிவதற்குள் அவனும் அவன் அம்மாவும் உன்னைப் பார்க்க வருவார்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொள். பாசிக் கையோடு காப்பி கொடுக்காதே.

பார்த்துவிட்டு உடனே எழுது.

அண்ணன்,
முத்துலிங்கம்

*

சீதமலை.
18 ஆகஸ்ட் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தென்மேற்கு மழை விடாமல் அடித்தது. பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்த் தபால் பையே வரவில்லை. அம்மா சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கொத்மலையிலிருந்து வந்து போனார்கள். காப்பி குடித்தார்கள். ஆண்டியப்பன் மரியாதையானவர்தான். பள்ளிக்கூடத்துக்கும் வந்து தொட்டியைப் பார்த்தார். நல்ல மழை.

அண்ணா, பாசி மறுபடியும் வந்துவிட்டது. கங்காணி தனியாக எவ்வளவுதான் மேயும்? பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த பெட்டி கொழும்புக்கு எப்போது போகும் என்று விசாரித்து எழுதினால் நல்லது.

சண்முகவடிவு

*

திருகோணமலை.
15 செப்டம்பர் 1963

அன்புள்ள வடிவுக்கு,

நான் சுகம். மழை அளவை அறிவிக்கும் ரேடியோ மாதிரி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை பிடித்ததா இல்லையா என்று கேட்டால் "நல்ல மழை" என்கிறாய்!

சின்னராசாவிடம் பாசி என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஜாடியைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். உப்புத் தண்ணீர் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போகிறவன் சப்பாத்துக்குப் பாலிஷ் போடுகிறான். இவனைப் போல வேலையில் அக்கறை உள்ளவனை நான் பார்த்ததில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வருவான்.

கல்யாணத்தைத் தை மாதத்தில் வைக்கலாம் என்று ஆண்டியப்பன் வீட்டில் சொல்கிறார்கள். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்,
முத்துலிங்கம்

*

சீதமலை.
1 டிசம்பர் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்கள் தீபாவளிக்கு வராதது அம்மாவுக்கு வருத்தம். பலகாரம் கொடுத்து அனுப்பினோமே, கிடைத்ததா?

செப்டம்பரில் வந்தவர் போன மாதமும் வந்தார். பட்டை மீன்கள் இரண்டும் கல்லோரத்தில் முட்டை இட்டிருக்கின்றன. ஆண் மீன் சோறு தண்ணீர் இல்லாமல் காவல் காத்து, செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கிறது. அவர்தான் முதலில் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குஞ்சுகள் இந்தத் தொட்டியில் பிழைப்பது கஷ்டம் என்று அவரே பிள்ளைகளிடம் சொன்னார். பொய் சொல்லிச் சமாதானப்படுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. புதுத் துரை தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். இனி ஆற்றில் ஊற்றச் சொல்லமாட்டார்.

அவருக்கு மலைக் குளிர் இப்போது தாங்கவில்லை. பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அம்மா கொடுத்தார். அது உங்களுடையது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தை மாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தை மாதம் இங்கே பனி அதிகமாக இருக்கும்.

பாசி மறுபடியும் வந்துவிட்டது.

சண்முகவடிவு

*

திருகோணமலை.
26 ஜனவரி 1964

அன்புள்ள வடிவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பொங்கலுக்கு அம்மா கையால் தின்றது இன்னும் வயிற்றில் இருக்கிறது. நேரில் வைத்துக் கேட்டால் உனக்குச் சங்கடம் என்று கேட்காமலே வந்துவிட்டேன். இப்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பொங்கலன்று நீ கோயிலுக்குப் போயிருந்தபோது தனியாகப் பள்ளிக்குப் போனேன். தொட்டியைப் பார்த்தேன். வடிவு, பாசி எங்கே? கண்ணாடியில் என் மீசையின் நரைமயிர்கூடத் தெரிந்தது. கங்காணி வேலையில்லாமல் இளைத்துப்போய்த் திரிகிறது. அதற்காகவே நீ கீரை போடுகிறாய் என்று மாஸ்டர் சொன்னார்.

ஒன்றும் புரியாமல் மறுநாள் பூண்டுலோயா பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அங்கே ஆண்டியப்பனைக் கண்டேன். தை மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அந்தப் பிள்ளை என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, நான் பொண்ணு பாக்க வந்தன்னைக்குத் தொட்டியப் பாத்தேன். குறையுற தண்ணிக்கு எதை ஊத்துறீங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். பீலித் தண்ணின்னாங்க. பீலிக்கு மேல மலை முழுக்க உரம் போடுறாங்க. மழைக்கு அது கரைஞ்சு பீலிக்குத்தான் வரும். தேயிலைக்குப் போட்ட உரத்துல பாசி வளருது, வேற ஒண்ணுமில்ல. முத்தத்துல பானைய வச்சு மழைத் தண்ணி புடிச்சு ஊத்துங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மறுமாசமே பாசி போயிருச்சுன்னு ஒங்க அம்மா சந்தையில வச்சு சொன்னாங்க. எனக்குச் சந்தோசம். ஆனா அதுக்கப்புறமும் கடத்தண்ணி ஜாடிய தூக்கிக்கிட்டு ஒருத்தரு மலை ஏறுறத, சந்தைக்கு வந்தப்ப நானே ரெண்டு தடவை பாத்தேன். பாசி இல்லாத தொட்டிக்கு எதுக்குண்ணே இவ்வளவு தண்ணி?"

என் வாயில் தேத்தண்ணி நின்றுவிட்டது.

"ஜாதகம் பொருந்தலன்னு எங்க வீட்டுல சொல்லிட்டேன். நீங்களும் அதையே சொல்லிருங்க. மனசில்லாத பொண்ணக் கட்டி நான் என்னண்ணே செய்யப்போறேன்?" என்றான். தேத்தண்ணிக் காசையும் அவனே கொடுத்தான். நல்ல பையன் என்று நான் சொன்னது பொய்யில்லை.

ரயிலில் முழுக்க எனக்குக் கோபம். உன்மேல் பாதி, அவன்மேல் பாதி. ஒரே அறையில் படுத்துக்கொண்டு என் தங்கச்சியை நினைத்துக்கொண்டிருந்தானே என்று. அறைக்கு வந்தால் அவன் ஜாடியைக் கழுவிக்கொண்டிருக்கிறான், என்னுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இந்த வெயிலில்!

"பாசி மறுபடியும் வந்துருச்சாடா?" என்று கேட்டான்.

"தொட்டி பளிங்கு மாதிரி இருக்கு" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்டா. செப்டம்பர்ல போனப்பவே பாசி இல்ல."

"அப்புறம் எதுக்குடா தண்ணி சுமந்த?"

"வாத்தியாரம்மா பாசி இருக்குன்னு எழுதியிருந்தாங்க. வாத்தியாரம்மா சொன்னத நான் எப்படிடா இல்லைங்குறது?"

கோபத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான். பிறகு அவன் அழுதுவிட்டான். உன்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லையாம். என் சிநேகிதம் போய்விடும் என்று பயமாம். "ஒனக்குப் புடிக்கலன்னா இன்னையோட மலைப்பக்கம் போகமாட்டேன்" என்று ஜாடியைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதலில் "உங்கள் சிநேகிதர்". பிறகு "சின்னராசா அவர்கள்". கடைசிக் கடிதத்தில் பெயரே இல்லை, வெறும் "அவர்". நான் ஒரு மடையன்.

இப்போது கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? இல்லையென்றால் இல்லை என்று எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மழை, பனி, பாசி என்று ஒரு வார்த்தை வரக்கூடாது.

அண்ணன்,
முத்துலிங்கம்

*

சீதமலை.
2 பெப்ரவரி 1964

அன்புள்ள அண்ணா,

நலம். நலமறிய ஆவல்.

நீங்கள் வேண்டாம் என்ற வார்த்தைகளை எடுத்துவிட்டால் எனக்கு எழுதவே தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சம்மதம்.

ஆண்டியப்பன் அவர்களுக்கு நானே நன்றி சொல்ல வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. நீங்கள் வரும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஒங்கண்ணன் சட்டைய நான் சும்மாவாடி தூக்கிக் குடுத்தேன்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கினிகத்தேனையில் அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு முறைப்படி பெண் கேட்டு வாருங்கள். அவரிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை எதையும் சுமந்துகொண்டு வர வேண்டாம். கையை வீசிக்கொண்டு வரட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
வடிவு